மலையிறங்கிய மின்சாரம் – 9: விழும் நீருக்கு என்ன விலை?

சென்ற வாரம் பைக்காராவோடு நிறுத்தியிருந்தோம். 1932ல் நீலகிரியின் சிங்காராவில் டர்பைன்கள் சுழன்றன. அந்த மின்சாரம் கோவையை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் ஊரைச் சுற்றி நூற்பாலைகள் வரிசையாக எழுந்தன. வங்காளத்திலிருந்து வரும் நிலக்கரியை எதிர்பார்த்துக் கிடந்த சென்னை மாகாணத்துக்கு, மேற்கு மலைகளே சுரங்கம் என்பது புரிந்தது.

அடுத்து எந்த மலை?

பொறியாளர்கள் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஓர் இடம் தயாராக இருந்தது. அங்கே அணை எழுந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மலையைக் குடைந்து சுரங்கமும் போட்டாயிற்று. ஆயிரம் அடிக்கு மேல் உயரத்திலிருந்து தண்ணீர் பாறைகளில் மோதி, ஒருவருக்கும் பயன்படாத வேகத்தோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. குழாய் போட்டு டர்பைன் வைப்பதுதான் பாக்கி.

ஆனாலும் அங்கே முதல் டர்பைன் சுழல 1958 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஒரு வழக்கு, ஒரு தோல்வி, ஒரு துப்பாக்கிச் சூடு, இரண்டு மாநிலங்களின் பிறப்பு.

முல்லைப் பெரியாறு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பென்னிகுவிக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலும்தான். இந்த வாரக் கதை அந்த வயலுக்குப் போகும் வழியில் நடக்கிறது.

*

999 ஆண்டுகள்

1886 அக்டோபர் 29. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே ஒரு குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகிறது. சமஸ்தானத்தின் சார்பில் திவான் ராமய்யங்கார். காலம் 999 ஆண்டுகள். பரப்பு சுமார் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். ஆக மொத்தம் 40,000 ரூபாய்.

மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, நீரைக் கிழக்கே திருப்பி, வைகைக்குக் கொண்டுவருவது திட்டம். 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் மதுரைச் சீமை பட்ட பாடு எல்லோர் மனத்திலும் ஆறாமல் இருந்த காலம். பத்திரத்தை எழுதியவர்களுக்குத் தண்ணீர் என்றால் பாசனம்தான்.

அதில் தவறேதும் இல்லை. அன்றைக்கு இந்தியாவில் நீர்மின் நிலையம் என்று ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் ஆப்பிள்டன் என்ற ஊரில் முதல் சிறிய நிலையம் ஓடத் தொடங்கி நான்கே ஆண்டுகள். உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் வேகத்தைக் காசாக்கலாம், கம்பி வழியே நூறு மைல் தள்ளி இருப்பவருக்கு விற்கலாம் என்பது அப்போது திவானுக்கும் தெரியாது, வெள்ளைக்காரருக்கும் தெரியாது.

பெரியாறு அணையை 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். அதே ஆண்டில்தான் நயாகராவின் பெரிய மின் நிலையமும் ஓடத் தொடங்கியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1902ல், காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அணை திறந்த வேகத்தில் உலகம் மாறிவிட்டது. பத்திரம் மட்டும் அப்படியே இருந்தது.

*

அதே மனிதர், எதிர்த் தரப்பு

1930களின் நடுவில் சென்னை அரசு தன் எண்ணத்தை வெளிப்படையாகச் சொன்னது: பெரியாற்று நீர் இறங்கும் சரிவில் மின்சாரம் எடுக்கப் போகிறோம்.

சென்னையின் கணக்கு எளிமையானது. நீர் குத்தகையில் எங்களிடம் வந்துவிட்டது. சுரங்கம் தாண்டியதும் அது விழும் மலைச்சரிவு எங்கள் எல்லைக்குள், மதுரை மாவட்டத்தில் இருக்கிறது. டர்பைன் ஒரு சொட்டு நீரையும் குடிக்காது. மேலே எடுத்த தண்ணீரைக் கீழே அப்படியே விட்டுவிடும். பாசனத்துக்கும் குறையில்லை. பிறகு யாரிடம் எதற்கு அனுமதி?

திருவிதாங்கூர் மறுத்தது. நீங்கள் குத்தகைக்கு எடுத்தது பாசனத்துக்கு. வேறு எதற்கும் இல்லை.

இங்கே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1936 அக்டோபரில் திருவிதாங்கூரின் திவானாக வந்தவர் சர் சி.பி. ராமசாமி ஐயர். வந்தவாசியில் பிறந்த தமிழர். சென்னையின் பேர்பெற்ற வழக்கறிஞர். அது மட்டுமல்ல. 1923 முதல் 1928 வரை சென்னை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் அவர் உறுப்பினர். மேட்டூர் அணையையும் பைக்காரா மின் திட்டத்தையும் முன்னால் நின்று நகர்த்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

விழும் நீரின் மதிப்பு என்ன, அது ஒரு வட்டாரத்தின் தலையெழுத்தை எப்படி மாற்றும் என்பதைச் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்தே கற்றவர் அவர். இப்போது அந்த அறிவு திருவனந்தபுரத்தின் பக்கம் இருந்தது.

திருவிதாங்கூருக்கும் மின்சாரம் புதிதல்ல. மூணாறு மலையில் பள்ளிவாசல் நிலையம் கட்டப்பட்டு 1940ல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரத்தை நம்பித்தான் ஆலுவாயில் அலுமினிய ஆலை வந்தது. மலைநீரை விற்றுப் பிழைக்கும் சமஸ்தானமாக இருப்பதா, மலைநீரால் தொழில் வளர்க்கும் சமஸ்தானமாக இருப்பதா என்ற கேள்விக்கு சி.பி. தெளிவான விடை வைத்திருந்தார். பெரியாற்று மின்சாரத்தைச் சும்மா விட்டுக்கொடுக்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

*

1941 மே 12

குத்தகைப் பத்திரத்திலேயே, தகராறு வந்தால் நடுவரிடம் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. சென்னையின் நடுவர் டேவிட் தேவதாஸ். திருவிதாங்கூரின் நடுவர் வி.எஸ். சுப்பிரமணிய ஐயர். இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. விவகாரம் மேல்நடுவரிடம் போனது. அவர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி சர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி.

திருவிதாங்கூருக்காகத் திவான் சி.பி.யே நேரில் வாதாடினார்.

சென்னையின் வாதம் பத்திரத்தின் அகலத்தை நம்பியிருந்தது. அணைக்குள் வரும் நீர் முழுவதும் எங்களுடையது என்று அதில் இருக்கிறது. முழுவதும் என்றால் எல்லாப் பயனுக்கும்தான். திருவிதாங்கூரின் வாதம் பத்திரத்தின் நோக்கத்தை நம்பியிருந்தது. பாசனத் திட்டம் ஒன்றுக்காக எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், எழுதியவர் கனவிலும் நினைக்காத ஒரு சொத்தை எப்படி உள்ளே நுழைக்க முடியும்?

1941 மே 12 அன்று மேல்நடுவர் தீர்ப்புச் சொன்னார். சென்னைக்கு உள்ள உரிமை பாசனத்துக்கு மட்டும். மின்சாரத்துக்கு இல்லை.

பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணத்தை ஒரு சமஸ்தானம் வாதத்தில் வென்றுவிட்டது. சென்னைக்கு அது பெரிய அடி.

ஆனால் வென்றவருக்குக் கிடைத்தது என்ன? இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தண்ணீர் திருவிதாங்கூரில் தேங்குகிறது. அது விழும் சரிவோ சென்னை மாகாணத்தில் இருக்கிறது. குத்தகை 999 ஆண்டுகளுக்கு என்பதால் நீரைத் திருப்பி மேற்கே விட்டுக்கொள்ளவும் முடியாது. ஆக, திருவிதாங்கூரால் அந்தச் சரிவில் ஒரு யூனிட் மின்சாரம்கூட எடுக்க முடியாது. சென்னை எடுப்பதைத் தடுக்க மட்டும் முடியும்.

ஒருவரிடம் நீர். மற்றவரிடம் பள்ளம். இருவரும் சேராமல் விளக்கு எரியாது.

பதின்மூன்று ஆண்டுகள் இருவரும் சேரவில்லை. அத்தனை நாளும் நீர் பாறையில் மோதி வீணாக விழுந்துகொண்டிருந்தது. போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது, சமஸ்தானம் மறைந்தது, 1949ல் திருவிதாங்கூர்–கொச்சி என்ற மாநிலம் பிறந்தது. பெரியாற்றுச் சரிவில் எதுவும் மாறவில்லை.

*

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூன்று மாதம்

1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர்–கொச்சியின் தெற்குக் கோடியில் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின் உச்சம் அது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்று அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குள்ளேயே ராம் மனோகர் லோகியா குரல் கொடுத்தார்.

நேசமணியின் கோரிக்கைப் பட்டியலில் கன்னியாகுமரி மட்டும் இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் இருந்தன. பெரியாறு அணை இருப்பது பீர்மேடு தாலுகாவில்.

இந்தப் பின்னணியை ஒதுக்கிவிட்டு அடுத்து நடந்ததைப் படித்தால் ஒன்றும் விளங்காது. அதே ஆண்டு நவம்பரில், சென்னையின் காமராஜர் அரசும் பட்டம் தாணுப்பிள்ளை அரசும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பெரியாற்று நீரில் சென்னை மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் திருவிதாங்கூர்–கொச்சிக்குப் பணம் தர வேண்டும்.

பதின்மூன்று ஆண்டு முட்டுக்கட்டை ஏன் அந்த நவம்பரில் விலகியது? என் கணிப்பைச் சொல்கிறேன். மாநிலச் சீரமைப்பு ஆணையம் அப்போது எல்லைகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. பீர்மேடு எந்தப் பக்கம் போகும் என்பது யாருக்கும் தெரியாது. சென்னைக்குப் போய்விட்டால் திருவிதாங்கூருக்கு அணையும் இல்லை, பணமும் இல்லை. போகாவிட்டால் சென்னைக்கு மீண்டும் அதே 1941ன் சுவர். முடிவு தெரியாத நேரத்தில் இரு தரப்புக்கும் உடன்பாடுதான் பாதுகாப்பு. தெரிந்த பிறகு பேசியிருந்தால், கை ஓங்கியவர் இறங்கி வந்திருக்க மாட்டார்.

1956 நவம்பர் 1ல் எல்லைகள் மாறின. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் நமக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. அந்த இழப்பின் வலி தமிழகத்தில் இன்றும் ஆறவில்லை. ஆனால் மின்சாரத்துக்கான அனுமதி அதற்குள் கைக்கு வந்துவிட்டது. காமராஜர் காலத்தின் பெரிய காரியங்களை அடுக்குகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

*

நான்கு குழாய்கள்

கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைப்பாதையை நோக்கிப் போகிறவர்களுக்கு லோயர் கேம்ப் தெரியும். பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கும் இடம். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், பச்சை மலையின் மேலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் பக்கம் பக்கமாக இறங்குவது கண்ணில் படும். மேலே, சுரங்கத்திலிருந்து வரும் நீரை ஒரு சிறு தேக்கத்தில் நிறுத்தி இந்தக் குழாய்களுக்குள் விடுகிறார்கள். நான்கும் முழுதாக ஓடும்போது விநாடிக்குச் சுமார் 1,600 கன அடி. கீழே குழாய்க்கு ஒரு டர்பைன். அதைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீர் வைரவனாற்றில் சேர்ந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, வைகையை நோக்கிப் போகிறது.

முதல் டர்பைன் 1958ல் ஓடியது. நான்காவது 1965ல். ஒவ்வொன்றும் 35 மெகாவாட், ஆக 140 மெகாவாட். பிற்காலத்தில் புதுப்பித்து 168 ஆக உயர்த்தினார்கள். பாசனத்துக்கு நீர் திறந்தால்தான் இங்கே மின்சாரம். மதகு மூடினால் டர்பைனும் நிற்கும். 1886ன் பத்திரம் இன்னும் அந்த நிலையத்தை ஆள்கிறது என்றே சொல்லலாம்.

அந்த ஆண்டுகளில் ஆர். வெங்கட்ராமனின் தொழில் துறை கிண்டியில் தொழிற்பேட்டை அமைத்தது, பிறகு அம்பத்தூரில். ஊர் ஊராக லேத் பட்டறைகள் வந்தன. கிராமத்துக் கிணறுகளில் பம்ப் செட்டுகள் இறங்கின. இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. குந்தா, மேட்டூர், பெரியாறு என்று மலைநீர்தான் பெரும்பங்கைச் சுமந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி 1960களில் வந்து தோள் கொடுக்கும்வரை இதுதான் நிலை.

தென்சென்னைப் புறநகரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். நம் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை அந்தக் கிண்டிப் பரம்பரையின் பேரப்பிள்ளை. இங்கே ஒரு சி.என்.சி. இயந்திரத்தில் வாகன உதிரிபாகம் கடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கருவி உலோகத்திலேயே சிக்கி நின்றுவிடும். பாதி முடிந்த அந்த ஜாப் பழைய இரும்புக் கடைக்குத்தான். 2012ன் மின்வெட்டுக் காலத்தில் மாநிலம் முழுக்கச் சிறு பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி, லாபத்தையும் அதிலேயே ஊற்றி எரித்தன. எங்கோ மலையில் விழும் நீருக்கு என்ன விலை என்ற பேரம், பட்டறைக்காரரின் மாதக் கணக்கைத் தொடுகிற விஷயம்.

*

1970 மே 29

இனி வருவதுதான் இந்த அத்தியாயத்தின் வினோதம். 1954ல் நடந்தது உடன்பாடு. முறையான பத்திரம் அல்ல. நிலையம் கட்டினார்கள். ஓட்டினார்கள். மதுரைக்கு மின்சாரம் போனது. பத்திரம் எழுதப்படவில்லை.

கேரளத்தில் 1957ல் இ.எம்.எஸ். வந்தார், 1959ல் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது, பட்டம் மீண்டும் வந்தார், குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. தமிழகத்தில் 1967ல் காங்கிரஸ் வீழ்ந்தது. ஆட்சிகள் மாறின, கோப்பு நகரவில்லை. முதல் டர்பைன் சுழன்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கையெழுத்து வந்தது.

1970 மே 29. தமிழகத்தில் மு. கருணாநிதி முதல்வர். கேரளத்தில் சி. அச்சுத மேனன். அன்றைக்கு இரு மாநிலங்களுக்கும் இடையே ஒரே நாளில் இரண்டு பெரிய காரியங்கள் முடிந்தன. ஒன்று, பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம். மற்றொன்று, பெரியாறு குத்தகைக்கான துணை ஒப்பந்தங்கள்.

துணை ஒப்பந்தங்களின்படி நிலக் குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக உயர்ந்தது. அணை நீரில் மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குப் போனது. மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழகத்துக்கு எழுத்தில் வந்தது, 1954 நவம்பர் முதல் முன்தேதியிட்டு.

மின்சாரத்துக்கான விலை? ஒரு கிலோவாட்–ஆண்டுக்கு 12 ரூபாய். ஆண்டுக்கு 35 கோடி யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு 18 ரூபாய்.

இந்தக் கிலோவாட்–ஆண்டு பலரைத் தடுமாற வைக்கிறது. ஒரு யூனிட்டுக்கே 12 ரூபாய் என்று நினைத்து எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. ஒரு கிலோவாட் இயந்திரம் ஓராண்டு முழுக்க இடைவிடாமல் ஓடினால் வருவது 8,760 யூனிட். அந்த 8,760 யூனிட்டுக்குச் சேர்த்துத்தான் 12 ரூபாய்.

தாளில் போட்டுப் பாருங்கள். யூனிட்டுக்கு ஏழில் ஒரு பங்கு பைசாகூட இல்லை. 35 கோடி யூனிட் எடுத்தால் கேரளத்துக்குப் போவது சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 50 கோடி யூனிட் எடுத்த நல்ல ஆண்டிலும் 8 லட்சத்தை எட்டாது. இன்று திருமுடிவாக்கத்தில் ஓரளவு பெரிய பட்டறை ஒன்றின் சில மாத மின்கட்டணம் இந்தத் தொகையைத் தொட்டுவிடும்.

தமிழகத்துக்கு இது நல்ல பேரம். நம் பணத்தில் கட்டிய அணை, நம் பணத்தில் வைத்த டர்பைன், நம் சரிவு. கேரளம் இதில் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. இது உண்மை. 2014ல் உச்ச நீதிமன்றமும் 1886 குத்தகையும் 1970 ஒப்பந்தங்களும் செல்லும் என்றே சொன்னது.

ஆனால் இன்னொரு உண்மையையும் சொல்லாமல் நகர எனக்கு மனம் இல்லை. ரூபாயின் மதிப்பு தேயத் தேய, அந்தப் பன்னிரண்டு ரூபாய் அப்படியே நின்றது. 1970ல் ஓரளவு மரியாதையாக இருந்த தொகை, அடுத்த தலைமுறையில் கேரளத்தின் மேடைகளில் ஏளனப் பொருளானது. நீரைக் கொடுத்துவிட்டு ஏமாந்தோம் என்ற எண்ணம் அங்கே வேர்விட இந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது. மின்கட்டணம் ஏறும்போது இந்தத் தொகையும் தானாக ஏறும் என்று ஒரே ஒரு வரி அன்று எழுதியிருந்தால், தமிழகத்துக்குச் சில கோடி கூடுதலாகச் செலவாகியிருக்கும். அதற்குப் பதில் நாம் செலவிட்டது எவ்வளவு பெரியது என்பதைக் கம்பத்து விவசாயியிடம் கேட்க வேண்டும்.

உலகத்தில் வேறு இடங்களிலும் இது நடந்திருக்கிறது. பிரேசிலும் பராகுவேயும் 1973ல் இட்டாய்ப்பு அணைக்கு ஒப்பந்தம் போட்டன. மின்சாரம் ஆளுக்குப் பாதி. பராகுவே தன் பாதியில் மிஞ்சியதைப் பிரேசிலுக்கு மட்டுமே தர வேண்டும், ஐம்பது ஆண்டுகளுக்கு. விலை அடிமட்டம். அந்தக் கோபத்தை முழக்கமாக வைத்தே பராகுவேயில் பெர்னாண்டோ லூகோ 2008ல் தேர்தலில் வென்றார். மறு ஆண்டே பிரேசில் தன் ஈட்டுத் தொகையை ஆண்டுக்கு 12 கோடி டாலரிலிருந்து 36 கோடியாக, மூன்று மடங்காக, உயர்த்தச் சம்மதிக்க வேண்டியிருந்தது.

பூடான் வேறு வழியில் போனது. அங்கே சுக்கா நிலையத்தை, 336 மெகாவாட், இந்தியாவே கட்டிக் கொடுத்தது. செலவில் 60 விழுக்காடு மானியம், 40 விழுக்காடு கடன். உபரி மின்சாரம் முழுக்க இந்தியாவுக்கு. முக்கியமானது, விலையை அவ்வப்போது உட்கார்ந்து பேசி உயர்த்தினார்கள். சிறிய நாடும் பெரிய நாடும் பேசித் தீர்த்துக்கொண்டதை, ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்கள் செய்திருக்கலாம்.

*

மலையின் மறுபக்கம்

1970ல் அச்சுத மேனன் அரசு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, பெரியாறு அணையிலிருந்து ஆற்றின் போக்கிலேயே கீழே, குறவன், குறத்தி என்ற இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆட்கள் கான்கிரீட் கலந்துகொண்டிருந்தார்கள். கனடாவின் உதவியோடு இடுக்கி அணை வேலை 1969ல் தொடங்கியிருந்தது.

பெரியாறு அணையில் தேங்காமல் வழியும் ஒவ்வொரு கன அடி நீரும் இடுக்கிக்குத்தான் போகும். இடுக்கி நீர் மூலமற்றம் நிலையத்தில் விழும் உயரம் இரண்டாயிரம் அடிக்கும் மேல். லோயர் கேம்ப்பில் விழுவதைவிட அதே தண்ணீர் அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் தரும். கிழக்கே விழுந்தால் கேரளத்துக்கு யூனிட்டுக்கு ஏழில் ஒரு பங்கு பைசா. மேற்கே விழுந்தால் முழு யூனிட்டும் கேரளத்துக்கே.

கிழக்கே விழுந்தால்தான் கம்பத்தில் இரண்டு போகம், மதுரைக்குக் குடிநீர். அந்தக் கணக்கை மின்சாரத்தால் அளக்க முடியாது.

1976 பிப்ரவரி 12 அன்று இந்திரா காந்தி இடுக்கி நிலையத்தைத் திறந்துவைத்தார். முதல் கட்டம் 390 மெகாவாட். பின்னாளில் 780. இப்போது ஒரே ஆற்றின் நீரை இரண்டு மாநிலங்களின் டர்பைன்கள் எதிர்பார்த்து நின்றன.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1979 ஆகஸ்ட் 11 அன்று, ஆயிரம் மைலுக்கு அப்பால், குஜராத்தின் மோர்வியில் மச்சு அணை உடைந்து ஊரையே அடித்துக்கொண்டு போனது. நாடு பதைத்தது. கேரளத்தில் ஒரு கேள்வி எழுந்தது: சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துக் கட்டிய, எண்பது வயதைத் தாண்டிய பெரியாறு அணை தாங்குமா? அதே ஆண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையத்தின் அதிகாரிகள் வந்தார்கள். அணையில் தேக்கும் நீரின் உயரம் 152 அடியிலிருந்து 136 ஆகக் குறைந்தது.

அந்தப் பதினாறு அடி நீர், லோயர் கேம்ப்பின் நான்கு குழாய்களுக்கு வராமல் மேற்கே திரும்பியது. கேரளத்து மக்களின் அச்சம் பொய்யல்ல. மோர்வியைப் பார்த்த யாருக்கும் வரக்கூடியதுதான். அணையைப் பலப்படுத்தியதும் உயரத்தை மீண்டும் கூட்டலாம் என்ற பேச்சும் அப்போதே இருந்தது. தமிழகம் வேலையைத் தொடங்கியது.

பலப்படுத்திய பிறகும் அந்த நீர் கிழக்கே திரும்பி வந்ததா?

(தொடரும்)